ஜப்தி செய்த பாவு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "வரி கேட்கப் போனால் ஜனங்கள் எங்களையே திருப்பிக் கேள்வி கேட்கிறார்கள் அம்மா, என்ன பதில் சொல்வது?" என்றீர்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிகிற பதில் அது இல்லை. அடப் பாவிகளா, கேட்கிறார்களே என்று சந்தோஷப்பட வேண்டாமா? கேள்வி கேட்காத ஊரிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே வரி ஒழுங்காக வரும், அலுவலகம் தூங்கும், ஊர் நாறும்.

ஆகவே ஒரு பாவின் கதையைச் சொல்கிறேன். வரி வாங்குகிறவர் எப்படி இருக்க வேண்டும், கட்டுகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது முழுக்க ஒரு காலை நேரத்தில், ஒரு தார் ரோட்டில்.

எழுபதுகளின் பிற்பகுதி. இளம்பிள்ளைக்கும் சங்ககிரிக்கும் நடுவில் ஒரு நெசவு ஊர். அந்தப் பேரூராட்சி அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். நாமக்கல் பக்கம் பண்ணையம் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவள். மாடு தெரியும், மஞ்சள் தெரியும், தறி தெரியாது. அலுவலகத்தில் ஒரே பெண் நான்தான். அந்தச் சமயம் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், உறுப்பினர் என்று யாரும் கிடையாது. நிர்வாக அதிகாரி வைத்ததுதான் சட்டம். ஊரே அவரை ஈ.ஓ. என்றுதான் கூப்பிடும். பெயரைச் சொல்ல மாட்டேன். புகழ்ந்தால் திட்டுகிற மனிதர் அவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கவலை வந்தால் சட்டைப் பையிலிருந்து பொட்டுக்கடலையை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போடுவார். பை காலியாகிவிட்டால் விஷயம் பெரிது என்று நாங்கள் புரிந்துகொள்வோம். அவர் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஊரில் பாவடித் தெரு என்று ஒன்று. நெசவுக்கு முன்னால் சேலையின் நீளவாக்கு நூலை மொத்தமாகச் சேர்த்துக் கட்டுவார்களே, அதற்குப் பெயர் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, பிரஷ் போட்டு இழுத்து இழுத்துக் காயவைத்தால்தான் இழை அறாமல் தறியில் ஓடும். பாவு ஆற்றுவது என்பார்கள். அதற்கென்றே அகலமாகவும் நேராகவும் விட்ட தெரு பாவடி. மற்றவர்களுக்குத் தெரு நடக்கிற இடம். அவர்களுக்குத் தெருதான் பட்டறை.

அந்தப் பட்டறையின் பாதியில் சாக்கடைத் தண்ணீர் நின்றது. முன்பு காலையில் மூன்று நான்கு பாவு ஒன்றாக நீளும் இடத்தில், அப்போது ஒன்று நீட்டுவதே பெரும்பாடு. வீட்டுக்கு வீடு முறை வைத்துக் காத்திருந்தார்கள். பாவு ஆறாவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. பல தடவை அலுவலகத்துக்கு வந்து சொல்லிப் பார்த்தார்கள். முன்னால் இருந்த அதிகாரி "பார்க்கலாம்" என்றே இரண்டு வருடம் ஓட்டிவிட்டு மாற்றலாகிப் போனார். கடைசியில் தெரு முழுக்க ஒரே பேச்சாக முடிவெடுத்துவிட்டார்கள்: "தண்ணி வடிஞ்சாத்தான் வரி."

மார்ச் மாதக் கடைசி. வசூல் படுத்துக் கிடந்தது. எங்கள் சம்பளமே ஊர் வரியில் இருந்துதான் வர வேண்டும். மேலிடத்தில் இருந்து நெருக்கடி. ஈ.ஓ. பையில் பொட்டுக்கடலை நிற்கவே இல்லை. "வரி தராத வீடுகளில் ஜப்தி செய்யலாம்" என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். வீட்டுச் சாமானை எடுத்து வந்து, வரி கட்டினால் திருப்பிக் கொடுப்பது, கட்டாவிட்டால் ஏலம் விடுவது, அதுதான் ஜப்தி.

வரி வசூலிக்கும் பில் கலெக்டர் கிளம்பினார். ஆத்தூருக்குக் கிழக்கே இருந்து வந்தவர். என்னைப் போலவே தறி அறியாதவர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் நுழைவதற்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். இரண்டு பியூன்கள். ஜனங்கள் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து விடிந்தும் விடியாமல் போனோம்.

முதல் வீடு பழனியம்மாளுடையது. தெருவுக்காகப் பேசுகிறவள் அவள்தான். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வாய் மட்டும் ஊரை விலைக்கு வாங்கும். அவள் புருசன் சாது. அவள் பேசும்போது தலையை ஆட்டுவதுதான் அவர் பேச்சு.

உள்ளே போய்ப் பார்த்தேன். அண்டா இல்லை, குண்டா இல்லை, ஒரு பித்தளைச் செம்புகூட இல்லை. நாங்கள் வருவது தெரிந்து எல்லாம் எங்கேயோ போயிருந்தது. நடுவில் தறி மட்டும் உட்கார்ந்திருந்தது.

"அதை எடுத்துட்டுப் போங்க" என்றாள் பழனியம்மாள், சிரித்துக்கொண்டே. தொழில் கருவியை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டம் சொல்வது அவளுக்குத் தெரியும். பில் கலெக்டருக்கும் தெரியும். அவர் முகம் சுண்டிப் போயிற்று. வெளியே வந்தவர் கண்ணில் தெருவில் நீண்டு கிடந்த பாவு பட்டது. பழனியம்மாள் வீட்டுப் பாவுதான். அன்றைக்கு அவர்கள் முறை. கஞ்சி தெளித்து அப்போதுதான் பிரஷ் போட ஆரம்பித்திருந்தார்கள். மூங்கில் கால்களின் மேல் ஈரமாக, பச்சை நிறத்தில் மினுமினுத்துக் கிடந்தது.

"இது கருவி இல்லை, சரக்கு" என்றார் பில் கலெக்டர். "சுருட்டுங்கப்பா."

பழனியம்மாளின் சிரிப்பு போய்விட்டது. பியூன்கள் ஒரு முனையில் கை வைத்ததுமே பாவு ஒரு பக்கமாகக் கோணி, இழைகள் இழுபட்டன.

"அய்யோ சாமி, உடுங்க, உடுங்க!" என்று ஓடி வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் பின்வாங்கினேன். அவள் பியூனின் கையைப் பிடித்து மெதுவாக எடுத்துவிட்டாள். "இழுத்தீங்கன்னா இழை அத்துப் போகுமுங்க. எடுத்துட்டுத்தான் போவோணும்னா நாங்களே சுத்தித் தாரோம். நீங்க தொடாதீங்க."

தெருக்காரர்கள் நாலைந்து பேர் கை கொடுத்தார்கள். ஜப்தி செய்யப்படும் சொந்தப் பாவை அவர்களே இழை பிசகாமல் சுற்றினார்கள். பழனியம்மாளின் புருசனும் இன்னொருவரும் அதைத் தோளில் வைத்துக்கொண்டார்கள். முன்னால் பாவு, பின்னால் தெரு, கடைசியில் ஜப்தி செய்த நாங்கள். இப்படித்தான் அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அத்தனை சங்கடமாக இருந்திருக்காது.

அலுவலக வாசலில் ஈ.ஓ. நின்றிருந்தார். ஆண்டுக் கணக்கு முடிக்க அவர் எங்களுக்கு முன்பே வந்துவிடுவார். பாவைப் பார்த்தார், அதிலிருந்து சொட்டிய கஞ்சியைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

பில் கலெக்டர் விறைப்பாக நின்று, "ஜப்தி சார்" என்றார்.

"அது தெரியுது. ஏன் ஈரமா இருக்கு?"

பதில் பழனியம்மாளிடம் இருந்து வந்தது. "கஞ்சி போட்டதுங்க. காயறதுக்குள்ள விரிச்சு ஆத்தோணும். சுருட்டுன மேனிக்கே காஞ்சா அப்பளக்கட்டாட்டம் ஒட்டிக்கும். அப்புறம் பிரிக்க முடியாது, அடுப்புலதான் போடோணும். நூலு எங்களுது இல்லீங்க. சேலத்து முதலாளி கொடுத்தது. இது கெட்டுப் போச்சுன்னா இனி அவரு எங்களுக்கு நூலு தரமாட்டாரு. நூலு இல்லாட்டி அந்தத் தறிய நீங்களே எடுத்துக்கலாமுங்க, எங்களுக்கு எதுக்கு?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தே நின்றாள்.

"பாவைத் திருப்பிக் கொடுத்துடலாம் சார்" என்று நான் அவர் காதோரம் சொன்னேன். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

அதற்குள் கடைவீதியில் இருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் வெல்ல மண்டிக்காரர். கடைவீதியில் பெரிய புள்ளி. வரி பாக்கி வைத்ததே இல்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது போலும்.

"ஏனுங்க ஈ.ஓ. சார், சத்தம் போட்டாத் திருப்பிக் கொடுத்துருவீங்களா? அப்பப் பேசாமக் கட்டற நாங்க இளிச்சவாயங்களா? நாளைக்கு எங்க வீதியும் 'முடியாது'ன்னு உக்காந்துக்கட்டுமா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பிள்ளைகளே, இங்கேதான் கொஞ்சம் நின்று யோசியுங்கள். திருப்பிக் கொடுத்தால் ஊரில் அப்புறம் ஒருத்தரும் வரி கட்ட மாட்டார்கள். கொடுக்காவிட்டால் ஒரு குடும்பத்தின் தொழில் கண் முன்னால் கெடும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலதிகாரியைக் கேட்கலாம் என்றால் டிரங்க் கால் போட்டு லைன் கிடைப்பதற்குள் பாவு அப்பளக்கட்டு. ஈ.ஓ. சட்டைப் பையில் கை விட்டார். பை காலி.

கையை வெளியே எடுத்தவர் பில் கலெக்டரைப் பார்த்துக் கேட்டார். "ஒரு மாட்டை ஜப்தி பண்ணிக் கொண்டாந்து கட்டுறோம். வரி கட்டுற வரைக்கும் அதுக்குப் புல்லு யார் போடணும்?"

"நாமதான் சார். ஜப்தி பொருளைக் கெடாம வெச்சிருக்க வேண்டியது ஆபீஸ் பொறுப்பு."

"அப்ப இதுக்கும் புல்லு போடு."

"பாவுக்கா சார்?"

"வெயிலும் காத்தும்தான்யா அதுக்குப் புல்லு. ஜப்தி ஜப்திதான். நான் திருப்பிக் கொடுக்கலை" என்று மண்டிக்காரரைப் பார்த்துச் சொன்னார். பிறகு பழனியம்மாளிடம் திரும்பினார். "அம்மா, இதை நீட்ட எவ்வளவு இடம் வேணும்? காய்ஞ்ச இடமா, நேரா இருக்கணும், இல்லையா?"

பழனியம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். அலுவலகத்துக்கு முன்னால் சேலம் போகும் தார் ரோடு பளபளவென்று கிடந்தது. "இந்த ஊருல காஞ்ச இடம் உங்க ஆபீசுக்கு முன்னாலதானுங்க இருக்குது" என்றாள். அந்த நிலைமையிலும் அவளால் குத்திக் காட்டாமல் இருக்க முடியவில்லை. ஈ.ஓ. சிரித்துவிட்டார்.

"நீட்டுங்க" என்றார்.

மூங்கில் கால்களை எடுத்துவரப் பையன்கள் ஓடினார்கள். பாவு தார் ரோட்டில் விரிந்தது. தெருக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று பிரஷைக் கை மாற்றிக் கை மாற்றி, ஒரே தாளத்தில் நடந்தார்கள். ஒட்ட ஆரம்பித்திருந்த இழைகளைப் பழனியம்மாள் விரலால் நீவி நீவிப் பிரித்துக்கொண்டே போனாள். பில் கலெக்டர் ஒரு முனைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணா, தளர உடாதீங்க" என்று அவரை யாரோ அதட்டியபோது, "சரிங்க" என்று இழுத்துப் பிடித்தார்.

சேலம் போகும் டவுன் பஸ் வந்து ஆரனை அலறவிட்டது. ஈ.ஓ. போய் அதன் முன்னால் நின்றார். அந்த உடம்பைத் தாண்டி எந்த டிரைவரும் போக முடியாது. "சார், டைம் ஆச்சு!" என்று கண்டக்டர் கத்தினார். "அரசாங்கப் பொருள் காய்ஞ்சுட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றார் இவர்.

பஸ்ஸுக்குப் பின்னால் சங்ககிரி லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். பெரிய மீசை, தலையில் துண்டு. "என்னுங்க அநியாயம் இது? ரோட்டு வரி கட்டறவன் நானு. வரியே கட்டாதவங்க ரோட்டுல பாவு நீட்டறாங்களா?"

பழனியம்மாள் பாவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏனுங்கண்ணா, உங்க லாரியில என்ன பாரமுங்க?"

"ஜவுளி."

"அந்த ஜவுளி எங்க தறியில இருந்துதானுங்க ஏறுது. பாவு ஆறாட்டி உங்க லாரியும் காலியாத்தான் ஓடும், ரோட்டு வரி கட்டறதுக்கு மண்ணத்தான் ஏத்தோணும்."

கூட்டம் சிரித்தது. லாரிக்காரருக்கும் மீசைக்குள் சிரிப்பு. அதோடு நின்றிருந்தால் அது வெறும் வாய்ச் சாமர்த்தியம். ஆனால் அந்த மனிதர் போய் லாரியை எடுத்து, பஸ்ஸைத் தாண்டி வந்து, ரோட்டுக்குக் குறுக்கே பாவுக்கு அரணாக நிறுத்தினார். எதிர்ப்பக்கம் சேலத்தில் இருந்து வரும் பஸ்ஸும் அதற்குள் வந்து நின்றுவிட்டது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். லாரிக்காரர் லாரிப் படியில் ஏறி நின்று, "சேலம் போறவங்க நடந்து அந்த பஸ்ஸுல ஏறிக்கோங்க! அங்கிருந்து வந்தவங்க இதுல ஏறுங்க! ரெண்டு வண்டியும் வந்த வழியே திரும்பிப் போவட்டும், யாருக்கும் நட்டமில்ல!" என்று கத்தினார். கண்டக்டர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு தலையாட்டினார்கள். பயணிகள் மூட்டை முடிச்சோடு பாவின் ஓரமாக, அதன் மேல் கால் படாமல், வரிசையாக நடந்து பஸ் மாறினார்கள். சேலைத் தலைப்பு பாவில் உரசிவிடாமல் இழுத்துச் செருகிக்கொண்டு நடந்த ஒரு பெண்மணியை இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

பாவு ஆறும் நேரத்தில் ஈ.ஓ. வெல்ல மண்டிக்காரரைத் தோளில் கை போட்டுக் கூப்பிட்டார். "நீங்க கேட்டது ஞாயம். வாங்க, பாவடித் தெருவை ஒரு தடவை பாத்துட்டு வருவோம்." பழனியம்மாளையும் கூப்பிட்டார். பாவின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே அவள் அரை மனதாக வந்தாள். நானும் போனேன்.

நின்ற தண்ணீருக்குள் ஈ.ஓ. செருப்போடு இறங்கினார். மண்டிக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். தண்ணீர் வரும் வழியே கண்ணை ஓட்டிக்கொண்டு போனால், அது கடைவீதிச் சாக்கடையின் வாயில் போய் முடிந்தது. கடைவீதியார் வரி கட்டிக் கேட்டு வாங்கிய சாக்கடை. அவர்கள் வீதி வரைக்கும் அழகாகக் கட்டி, அதற்குமேல் போக வழியில்லாமல் பாவடியில் திறந்துவிட்டிருந்தார்கள்.

"உங்க வரி உங்க ஊட்டு முன்னால ஓடுதுங்க. ஓடி வந்து எங்க ஊட்டு முன்னால நிக்குது" என்றாள் பழனியம்மாள்.

"எனக்கு இது தெரியாதும்மா" என்றார் மண்டிக்காரர்.

"தெரியாம எப்புடிங்க? மூக்கு இல்லீங்களா?"

அவர் தண்ணீர் ஓரமாக நாலடி நடந்தார். "இது ஓடைக்குப் போவோணும்னா எந்த வழிங்க?" என்று ஈ.ஓ.வைக் கேட்டார். ஈ.ஓ. கையை நீட்டிக் காட்டினார். வழியில் இருந்தது மண்டிக்காரரின் தென்னந்தோப்பு. அந்த மனிதர் தோப்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வேலியோரமா ஒரு கால்வாய் அகலம் எடுத்துக்கோங்க. தென்னைக்கு அடி படாமப் பாத்துக்கோங்க" என்றார். புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். இத்தனை வருடம் மூக்கு இல்லாமல் இருந்தவர்தான். ஆனால் கண்ணால் பார்த்த பிறகு திரும்பிக்கொள்ளவில்லை. பார்க்க வைத்தால் பாதிப் பேர் அப்படித்தான்.

நாங்கள் திரும்பி வந்தபோது பாவு காய்ந்து நின்றது. பழனியம்மாள் ஓடிப் போய் இழைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இந்த முனையில் இருந்து அந்த முனை வரை நடந்து தடவிப் பார்த்தாள். ஒட்டவில்லை. அப்போதுதான் அழுதாள். அதுவரை வைராக்கியமாக நின்ற பெண், ரோட்டோரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் புருசன் பக்கத்தில் நின்று, வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஜப்தி செய்த பொருளை ஒருவருடைய ஜாமீனில் விடலாம் என்று விதி உண்டு. "யார் ஜாமீன்?" என்று ஈ.ஓ. கேட்டார். வெல்ல மண்டிக்காரர் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார். ஈ.ஓ. தெருக்காரர்களிடம் ஒரே ஒரு பேச்சுப் பேசினார். "வரி வேண்டாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. வரி பாக்கி அப்படியேதான் இருக்கு. கால்வாய் வெட்ட வேண்டியது என் பாக்கி. ரெண்டு பாக்கியும் தீரணும்." அவ்வளவுதான். வாக்குறுதி, வணக்கம், கைதட்டல் எதுவும் இல்லை. பழனியம்மாள் பாவைத் தோளில் தூக்கக் கை கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்து, "வாரேனுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ரோட்டை மறித்ததற்கு ஈ.ஓ.வுக்கு மெமோ வந்தது. "ஜப்தி செய்த பொருளைப் பாதுகாத்தேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அந்த வருடம் வசூல் குறைந்ததற்கு வேறு பாட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டு வந்து கால்வாய்க்கு நாள் குறித்தார்.

கால்வாய் வெட்ட ஆரம்பித்த அன்றே நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். முதல் மம்பட்டி விழுந்து மண் மேலே வந்தது. தண்ணீர் ஒரு சொட்டுகூட வடியவில்லை. அதற்குள் பழனியம்மாள் தெருவையே திரட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். வரி கட்ட.

ஈ.ஓ. நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "தண்ணி வடிஞ்சாத்தான்னு சொன்னீங்களேம்மா. இன்னும் வடியலையே?"

"மம்பட்டி எறங்கிருச்சுங்களே. அது போதும். நீங்க வெட்டறது எந்தக் காசுல வெட்டுவீங்க? கடைவீதிக் காசுல மட்டும் வெட்டுனா அப்புறம் அது அவுங்க கால்வாயாப் போயிருமுல்லங்க. எங்க காசும் அதுல கெடக்கட்டும்."

பில் கலெக்டர் ரசீது எழுதினார். எழுதும்போது அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார். மழைக்கு முன்பே பாவடி காய்ந்தது. தெருவில் மறுபடி மூன்று நான்கு பாவு ஒன்றாக நீண்டன.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஊர் கதையோடு முடிவதில்லை.

எண்பதுகளின் நடுவில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நான் தேர்வு எழுதிப் படிப்படியாக ஏறி, நிர்வாக அதிகாரியாக அதே ஊருக்கே வந்து சேர்ந்திருந்தேன். பாவடித் தெருவுக்குப் பழனியம்மாள் உறுப்பினர். முதல் மாதமே மன்றக் கூட்டத்தில் எழுந்து ஒரு யோசனை சொன்னாள்: ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட வேண்டும், அதற்காக வீட்டு வரியை உயர்த்த வேண்டும். கூட்டமே திகைத்தது. உயர்த்தலாம் என்று நான் நினைத்திருந்தேன். வாய் திறக்கப் பயந்துகொண்டிருந்தேன். வரி கொடுக்க மாட்டேன் என்று நின்ற அந்தப் பெண் எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தேன். வாசலில் சேலம் ரோட்டின் மேல், குறுக்கே ஒரு ஆள்கூடத் தாண்ட முடியாதபடி, ஒரு பாவு நீண்டு கிடந்தது. பாவடித் தெருக்காரர்கள். வரி உயர்வுக்கு எதிர்ப்பு. அவள் கற்றுக்கொடுத்த வித்தையை அவளுக்கே காட்டிவிட்டார்கள்!

பழனியம்மாள் வந்தாள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாவைப் பார்த்தாள். அவளைத் திட்டக் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவன் அவள் கொழுந்தன் மகன்.

"ஏன்டா, பாவடி காஞ்சு கெடக்குது. இங்க வந்து நீட்டிருக்கறீங்களே" என்றாள்.

"நீங்க இங்கதான இருக்கறீங்க பெரியம்மா. அதான் இங்க வந்தோம். வரி வேணும்னாக் கேட்டுட்டுப் போடோணுமுல்ல?"

"கேக்கோணும்தான். தப்பு எம்மேலதான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதவியில் இருக்கிறவர்கள் நடுரோட்டில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். அவன் கையில் இருந்த பிரஷை வாங்கினாள். "சரி, கேளுங்க, சொல்றேன். ஆனாக் கஞ்சி காயுது, பாவக் கெடுத்துறாதீங்க. பேசிக்கிட்டே ஆத்துங்க."

அவள் பிரஷ் போட்டுக்கொண்டு நடந்தாள். எதிரில் அவன் நடந்தான். குழாய் எந்தத் தெருவுக்கு முதலில், உயர்வு எவ்வளவு, தறி நின்று போன வீட்டுக்கு என்ன செய்வது, ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். சிலதுக்குச் சண்டை போட்டாள், சிலதுக்கு ஒத்துக்கொண்டாள். உயர்வைக் கொஞ்சம் குறைத்தது அந்தப் பாவின் மேல்தான். மன்றத்தில் நிறைவேறிய தீர்மானம் அங்கே பேசியதுதான்.

அந்தப் பேச்சு முடிவதற்கு முன்னாலேயே சேலம் டவுன் பஸ் வந்துவிட்டது. ஆரன் அலறியது. "யாருங்க ரோட்டை மறிச்சது? நகருங்க, டைம் ஆச்சு!" என்று கண்டக்டர் கத்தினான். இளம்பிள்ளைக்கு அந்தப் பக்கத்துப் பையன். பழைய கதை தெரியாது.

எனக்கு அந்தக் கனத்த உடம்பு கிடையாது. ஆனாலும் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன்.

"பொறு தம்பி" என்றேன். "வரி பேசிக்கிட்டு இருக்கறாங்க."